கொண்டை ஊசியால் இறக்கிய காற்று

புளியமரத்து நிழலில் லாரி நின்றது. முன் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, வால்வுக்குள் இருந்த சின்னக் குச்சியை அழுத்தினேன். உஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. நல்ல சூடு. ரப்பரும் துருவும் கலந்த அந்த நாற்றம் ராத்திரி குளித்த பிறகும் போகவில்லை.

டிரைவர் செல்லமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா," என்றார்.

"என்னண்ணே வேணாம்? காத்து அளக்குற கேஜைப் பாருங்க. காலையில நூறு இருந்துச்சு. இப்ப நூத்திப் பதினெட்டு. வெயில்ல காத்து விரியுது. விரிஞ்சா வெடிக்கும். பத்தாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியும்."

"நான் எட்டாங்கிளாஸுதாம்மா."

நான் சிரித்தேன். பெருந்தன்மையாகச் சிரித்ததாக அப்போது எனக்கு நினைப்பு. அது வெறும் திமிர்.

சென்ற வாரப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், "லாரி வைத்திருந்தேன் என்று பெருமையடிக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு வரியும் வரவில்லையே" என்று கடிதம் போட்டிருக்கிறார். வருகிறது ஐயா. இந்த வாரம் முழுக்க அதுதான். பெருமை மட்டும் இருக்காது.

பாஸ்கர் கொடுத்த ஒரு வருஷம்

தொண்ணூறுகளின் பின்பாதி அது. என் கணவர் ஒரு பழைய லாரியை வாங்கினார். சில மாதங்களிலேயே மஸ்கட்டில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றி, குன்னம் வழியாக வெளியூர் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் வண்டியின் வேலை. எங்கள் வீடு பெரம்பலூரில் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் பத்துப் பதினைந்து லாரிகளோடு எங்கள் வண்டியும் நிற்கும்.

இனி வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. பேச்சு தொடங்குவதற்கு முன்பே என் கொழுந்தன் பாஸ்கர் சாவியைச் சட்டைப் பையில் போட்டிருந்தான்.

"நான் பாத்துக்குறேன்," என்றேன்.

வீடே சிரித்தது.

"அண்ணி, லாரின்னா டயரு, டீசலு, போலீசு. உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு? நீங்க வூட்டப் பாருங்க," என்றான் பாஸ்கர்.

பாஸ்கரின் டயர் ஞானத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் மோட்டார் சைக்கிள் பஞ்சரானால் அதை ரோட்டோரம் போட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வருவான். வந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை ரோடு போட்ட கான்ட்ராக்டரைத் திட்டுவான். இவன்தான் எனக்கு வம்பு என்ன என்று விளக்கியவன்.

நான் விடவில்லை. கடைசியில் மஸ்கட்டுக்குப் போன் போட்டுப் பேசினார்கள். ஒரு வருஷம் வண்டி என்னிடம் இருக்கலாம். அதற்குள் என் தவறால் ஒரு விபத்து நடந்தால் சாவி பாஸ்கருக்கு. என் கணவர் இதற்குச் சரி என்றார். அவர் எல்லோருக்கும் சரி என்பார். அதனாலேயே எல்லோருக்கும் நல்லவர்.

எனக்கு அந்த லாரி வேண்டியிருந்தது. வருமானத்துக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கல்யாணமான பிறகு ஒருவர் வேலை விஷயமாக என்னைத் தேடி வாசலுக்கு வந்ததும், "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று என்னைக் கேட்டதும் அந்த லாரியால்தான். அதை இழக்க நான் தயாராக இல்லை.

ஷெட்டு விஞ்ஞானிகள்

அந்த ஷெட்டில் டயரைப் பற்றித் தெரியாத ஆள் ஒருவரும் கிடையாது. ஒருவர் டயரைக் காலால் உதைத்து, கண்ணை மூடி, ஏதோ ஜோசியம் பார்ப்பவர்போலத் தலையாட்டுவார். இன்னொருவர் சூடேறிய டயரில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். அரியலூரில் அடைத்த காற்றில் சிமென்ட் தூசி கலந்திருக்கிறது, சேலத்துக் காற்றுதான் டயரில் நிற்கும் என்று சத்தியம் செய்த ஒரு முதலாளியும் இருந்தார். அவர் நான்கு லாரிக்குச் சொந்தக்காரர் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஆயுத பூஜைக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஆறு டயர் வண்டிக்கு நான்கு பழம்தான். பின்பக்கம் உள்ளே இருக்கும் இரண்டு டயர்களும் கண்ணுக்குத் தெரியாததால் அவற்றுக்குத் திருஷ்டியும் படாது என்பது கணக்கு.

நானோ திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். இவர்களைப் பார்த்து எனக்கு வந்த இளக்காரத்தைச் சொல்லி முடியாது. ஒருநாள் ஷெட்டு நடுவில் நின்று பாடமே எடுத்தேன்.

பாரத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று என்றேன். ரப்பரும், அதற்குள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் நைலான் துணியும் அந்தக் காற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் சட்டை, அவ்வளவுதான். ரப்பர் முதலில் வெயிலில் பிசினாக இளகி, குளிரில் விறைத்து வெடித்துக்கொண்டிருந்தது. கந்தகம் சேர்த்து வேகவைத்த பிறகுதான் உருப்பட்டது. கரி சேர்த்த பிறகு உறுதியும் கறுப்பு நிறமும் வந்தன. காற்றடைத்த டயரை உலகத்தில் ஓடவிட்ட மனிதர் ஒரு மாட்டு வைத்தியர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல்லில் தடதடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினாராம். அவருக்கு முன்பே இன்னொருவர் அதைச் செய்து, வாங்க ஆளில்லாமல் மறந்துபோனதாகவும் படித்திருக்கிறேன்.

"மாட்டு டாக்டருக்கு லாரியப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் சேலத்துக் காற்றுக்காரர்.

ஷெட்டே சிரித்தது. செல்லமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு அப்புறம் குலுங்காம இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

செல்லமுத்து குன்னம் பக்கத்துக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் தெருவில் கனரக வண்டிக்கு லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் இவர்தான். இத்தனை வருஷத்தில் தன் கையில் ஒரு டயர்கூட வெடித்ததில்லை என்பது அவருக்கு ஷெட்டில் இருந்த பேர். பழைய டயர் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "செல்லமுத்து பாத்த டயரு" என்றால் அதற்குமேல் கேள்வி கிடையாது.

தினமும் விடிந்ததும் ஓர் இரும்புக் கம்பியால் ஆறு டயரையும் தட்டிக்கொண்டு வருவார். ணங்கென்று கேட்டால் காற்று சரி. பொத்தென்று கேட்டால் குறைவு.

"டயர் என்னண்ணே தவிலா?" என்று கேட்டுவிட்டு, திருச்சிக்குப் போய் முள் வைத்த ஒரு கேஜ் வாங்கிவந்தேன். கைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த ஷெட்டில் கைப்பையும் என்னிடம் மட்டும்தான், கேஜும் என்னிடம் மட்டும்தான்.

முள் ஏறியது

வாரத்தில் இரண்டு மூன்று நாள் நானும் வண்டியில் போவேன். அப்படிப் போன ஒரு பங்குனி மத்தியானம்தான் அந்தப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன்.

முன் டயர் இரண்டையும் நானே கொண்டை ஊசியால் வால்வை அழுத்தி இறக்கினேன். பின்பக்கத்து டயர்களை அவரை இறக்கச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"காத்து கொறஞ்சா டயரு மடங்கும்மா. மடங்கி மடங்கி ஓடுனா சூடு தாங்காது."

"சூடு வெயில்லேருந்து வருதுண்ணே. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகத்துல லோடு போட்டிருக்காம்மா?"

எனக்குக் கோபம் வந்தது.

"வண்டி என்னோடதுண்ணே. சொன்னதச் செய்ங்க," என்றேன்.

செய்தார். அன்றிலிருந்து தினமும் அதையே செய்தார். நான் கூட வராத நாட்களில் என் கேஜை அவரிடம் கொடுத்தனுப்புவேன். அத்தோடு நிற்கவில்லை என் மேதாவித்தனம். மத்தியானம் எப்படியும் ஏறப்போகும் காற்றைக் காலையில் எதற்கு முழுசாக அடைப்பது என்று, காலையிலும் எண்பதே போதும் என்றேன். கம்பியால் தட்டினால் பொத்தென்றுதான் கேட்டது. தட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நான் காற்றைக் குறைக்கக் குறைக்க, மத்தியானத்தில் முள் ஏறும் அளவு கூடிக்கொண்டே போனது. முதல் நாள் பதினெட்டு ஏறிய முள் பிறகு இருபத்தைந்து, முப்பது என்று ஏறியது. பார்த்தீர்களா, வெயில் எவ்வளவு மோசம், நான் மட்டும் இறக்கச் சொல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஷெட்டில் மார்தட்டிக்கொண்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னேன்.

உண்மையில் நடந்தது செல்லமுத்து சொன்னதுதான். காற்று குறைந்த டயர் சுமைக்குக் கீழே ஒவ்வொரு சுற்றுக்கும் வயிறு பிதுங்கி மடங்கும், நிமிரும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சுடும் அல்லவா, அந்தச் சூடுதான். வெயிலால் ஏறும் காற்றையும் சேர்த்துக் கணக்குப்போட்டுத்தான் காலையில் நூறு அடைக்கச் சொல்கிறார்கள். ஓடிச் சூடான டயரின் காற்றில் கைவைக்கவே கூடாது. நானோ நோயை மருந்தென்று தினமும் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் போதும். நான் படித்த அதே இயற்பியல். இரண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதியதோடு நான் யோசிப்பதை நிறுத்தியிருந்தேன்.

பருத்திக் காட்டில்

அடுத்த மாதம் ஒருநாள் டீக்கடையிலிருந்து போன் வந்தது. குன்னத்துக்கு இந்தப் பக்கம் வண்டி கவிழ்ந்துவிட்டதாம்.

பஸ் பிடித்துப் போனேன். முன்பக்கம் இடது டயர் வெடித்து, வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பருத்திக் காட்டில் சாய்ந்து கிடந்தது. சுண்ணாம்புக்கல் காடு முழுக்கக் கொட்டிக் கிடந்தது. காட்டுக்காரப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பஞ்சு எடுக்கலாம்னு வந்தேன். கல்லு காச்சு நிக்குது. நீதான் மொதலாளியா? வந்து பொறுக்கு," என்றாள்.

செல்லமுத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு உடைந்து, துண்டால் தோளோடு கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வேற யாருக்கும் ஒண்ணும் ஆவலம்மா. எதுத்தாப்புல பஸ்ஸு வந்துச்சு. எப்படியோ ஸ்டீரிங்க ஒடிச்சு வெலக்கிட்டேன்," என்றார்.

நான் அவர் கையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது இதுதான்: "பாஸ்கருக்குத் தெரிஞ்சுபோச்சா?"

பாய் படித்த டயர்

மூன்றாம் நாள் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். பாஸ்கர் எனக்கு முன்பே வந்திருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். டயர் வெடித்தது யார் தவறு என்று தெரிந்துகொள்ள ஷெட்டே கூடியிருந்தது.

பக்கத்தில் டயர் ஒட்டும் வல்கனைசிங் கடை வைத்திருந்த ரஹீம் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் கிழிந்த டயரைப் புரட்டிப்போட்டு, உள்பக்கம் விரலால் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். பிறகு எல்லோருக்கும் தெரியும்படி டயரைப் பிளந்து காட்டினார்.

"இங்க பாருங்க. பக்கவாட்டுல சுத்தி வளையமா மடிப்பு விழுந்திருக்கு. நைலான் அடுக்கு தனித்தனியா உரிஞ்சு வந்திருச்சு, பாருங்க. ஆணி குத்தல, கல்லு அடிக்கல. பல நாளா காத்து கம்மியா ஓடி, மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளயே வெந்த டயரு இது."

"காத்த யாருடா எறக்குனது?" என்றான் பாஸ்கர், செல்லமுத்துவைப் பார்த்து. தன்னைவிடப் பதினைந்து வயது பெரியவரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

செல்லமுத்து என்னைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். கவிழ்ந்த வண்டியிலிருந்து நான் எடுத்துவந்த கேஜ் என் கைப்பையில்தான் இருந்தது. நான் குனிந்து அந்த டயரைப் பார்த்தேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது, பாய்தான் எல்லாவற்றையும் காட்டிவிட்டாரே. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நான்தாங்க எறக்குனேன்," என்றார் செல்லமுத்து.

"இவனுவள நம்பி வண்டியக் குடுத்தா இப்படித்தான். காட்டு வேலைக்குத்தான் லாயக்கு," என்றான் பாஸ்கர்.

அவர் பார்த்துக் கொடுத்த டயரில் ஓடிய வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவர் இருமினார். சேலத்துக் காற்றுக்காரர் சிரித்தார்.

நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் சாவி பாஸ்கர் பையில் விழும். நான் வேறொரு வாக்கியம் சொன்னேன். "வேற டிரைவர் பாத்துக்கலாம்," என்றேன்.

பாஸ்கரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "டிரைவர் பண்ணுன தப்புக்கு அண்ணி என்ன செய்வாங்க," என்று மஸ்கட்டுக்கு அவனே போன் போட்டுச் சொல்லவேண்டியதாயிற்று. வண்டி என்னிடமே தங்கியது. அடுத்த பல வருஷங்களும் தங்கியது.

செல்லமுத்துவுக்கு அதற்குப் பிறகு பெரம்பலூரில் யாரும் லாரி கொடுக்கவில்லை. அரியலூரிலும் கொடுக்கவில்லை. டயரைப் பற்றிய பேச்சு ஷெட்டுக்கு ஷெட்டு சீக்கிரம் போய்விடும்.

எனக்கோ நாளாக ஆக நல்ல பேர் வந்தது. ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள், சுமை ஏறினால் காற்று குறையக் கூடாது என்று புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் கம்பியால் தட்டிப்பார்க்கவும் சொன்னேன். "டயரு விஷயத்துல ஓனரம்மாகிட்ட யாரும் நிக்க முடியாது" என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தவன் சொத்தை எடுத்துத் தின்பவர்களைப் பற்றி இந்தத் தொடரில் எத்தனையோ முறை ஏளனமாக எழுதியிருக்கிறேன். அந்த வரிசையில் நான் முதல் ஆள்.

திருமானூரில்

ஐந்தாறு வருஷம் கழித்து, கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு வேலையாகத் திருமானூருக்குப் போயிருந்தேன். ரோட்டோரம் கரும்பு ஏற்றிய டயர் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வண்டிக்காரர் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"நல்லாருக்கீங்களாம்மா?" என்றார் செல்லமுத்து. முதலில் பேசியது அவர்தான்.

"அண்ணே, வண்டிக்குத் திரும்பி வாங்கண்ணே. இப்ப உள்ள இரும்புக் கம்பி வச்ச ரேடியல் டயரெல்லாம் வந்துடுச்சு. கை சரியாயிடுச்சுல்ல?"

"கை அப்பவே சரியாயிடுச்சும்மா." மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "நான் வர்ல. ஷெட்டுல மட்டும் ஒரு தடவ சொல்லிடுங்க. எம் மவன் ஹெவி லைசென்ஸ் எடுத்திருக்கான். எங்க போனாலும், டயர வெடிக்கவுட்ட செல்லமுத்து மவனான்னு கேட்டுட்டு அனுப்பிடுறானுவ."

"சொல்லிடுறேண்ணே."

"எப்பம்மா?"

"இந்த வாரமே சொல்லிடுறேன்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. வண்டி நகர்ந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் நான் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. பிறகு வண்டியை விற்றேன், ஷெட்டுக்குப் போகவேண்டிய தேவையும் இல்லாமல் போனது, அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஷெட்டு வாசல் டீக்கடையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அண்ணி தன்னைப் பற்றி என்ன எழுதுகிறாள் என்று பாஸ்கர் வாரம் தவறாமல் அங்கே உட்கார்ந்து வாசிக்கிறானாம், மற்றவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறானாம். இதையும் உரக்கப் படி பாஸ்கர். காற்றை இறக்கச் சொன்னது நான். செல்லமுத்து வேண்டாம் என்றார்.